செவ்வாய்க்கிழமை மாடுகள்

கொசெகி மினே பால் குடிக்க மாட்டாள். அறுபத்திரண்டு கறவை மாடுகளுக்கு நடுவே இருபத்தாறு வருடமாக வாழ்கிறாள். காலை நான்கரைக்கும் மாலை நான்கரைக்கும் கறக்கிறாள். ஒரு வாய் குடித்ததில்லை. ஏன் என்று கேட்டால், "எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியுமே" என்பாள்.

அருவருப்பு அவளுக்கு நோய் அல்ல, புலன். மற்றவர்களுக்குக் கண் காது போல. குஷிரோ துறைமுகத்தில் மீன் அறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டில் பிறந்தாள். பதினெட்டு வயதில் அதே கொட்டகையில் நின்று மீன்குடல் உருவினாள். கையில் எலுமிச்சை தேய்த்தாள், தேயிலை தேய்த்தாள், கடைசியில் தரை கழுவும் பவுடரையும் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. மாட்டுப்பண்ணைக்காரன் தெய்ஜி பெண் பார்க்க வந்தபோது அவன் கோட்டிலிருந்து புளித்த புல் வாடை வந்ததாம். "அந்த நேரத்துல அது எனக்கு அத்தர் மாதிரி இருந்துச்சு. ஏமாந்துட்டேன்" என்று இன்றும் அவன் எதிரிலேயே சொல்வாள்.

ஏமாந்தது கல்யாணமான மறுவாரமே தெரிந்துவிட்டது. தெய்ஜி சாணி வாய்க்காலில் அடைப்பு எடுத்த கையைக் கால்சட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அதே கையால் சோற்று உருண்டையை எடுத்துக் கடித்தான். மினே வெளியே போய்ப் பனியில் வாந்தி எடுத்தாள். உள்ளே வந்து, "இனிமே காம்புல மருந்து ஏத்துற வேலை என்னுது. நீங்க அந்தப் பக்கமே வராதீங்க" என்றாள். அன்றிலிருந்து அது அவள் வேலை.

அந்த வேலை செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும். கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு மாட்டின் கறவையை நிறுத்திப் பாலை வற்றவைக்க வேண்டும். காலைக் கறவைதான் கடைசி. அது முடிந்ததும் நான்கு காம்புகளிலும், ஊசியில்லாத சிரிஞ்சு போன்ற ஒரு பிளாஸ்டிக் குழலால், காம்புக்கு ஒன்றாக மருந்துக் களிம்பை ஏற்றி விட்டுவிடுவார்கள். பழைய மடிநோய் ஏதாவது உள்ளே ஒளிந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தில் ஆறிவிடும். புதிதாக எதுவும் வராது. அடுத்த கறவைக் காலம் முழுவதும் மாடு எப்படி இருக்கும் என்பதை அந்தப் பத்து நிமிடம் தீர்மானிக்கிறது. பத்து நிமிடம் என்பது மினேவுக்கு. எங்கள் வட்டாரத்தில் மற்றவர்கள் இரண்டே நிமிடத்தில் முடிப்பார்கள்.

அவள் புதுக் கையுறை போடுவாள். தூரத்துக் காம்பு இரண்டையும் முதலில் துடைப்பாள், பக்கத்துக் காம்புகளைப் பிறகு. மருந்து ஏற்றும்போது வரிசை தலைகீழ்: பக்கம் முதலில், தூரம் பிறகு. துடைத்த காம்பில் தன் சட்டைக் கை உரசிவிடக் கூடாது என்பதற்காக. ஸ்பிரிட் பஞ்சு காம்பு நுனியைத் தேய்த்து வெள்ளையாகவே திரும்பி வரும்வரை பஞ்சை மாற்றிக்கொண்டே இருப்பாள். குளிர்காலத்தில் களிம்பு மெழுகாக இறுகிவிடும் என்பதால், குழல்களை முன்கூட்டியே ஒரு வாளி வெந்நீரில் போட்டு இளக்கி வைத்திருப்பாள். கெட்டியான களிம்பை அழுத்தி ஏற்றினால் மாட்டுக்கு வலிக்கும், உதைக்கும். அவள் மாடுகள் உதைத்ததில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவளை ஸ்பிரிட் அக்கா என்பார்கள். கூட்டங்களில் அவள் பக்கத்தில் உட்காரும்போது அவள் கையை மோந்து பார்த்துவிட்டு உட்காருவது ஒரு விளையாட்டு.

போன ஜனவரியில் கரின் என்ற மாடு கன்று போட்டது. கன்று நன்றாக இருந்தது. சீம்பால் கறக்கக் குனிந்த மினே, கறப்பதற்கு முன்பே பின்வாங்கினாள்.

பின்மடியில் ஒரு பாகம் பாறை போல இறுகிப் பளபளத்தது. காம்பை அழுத்தியதும் முதலில் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு கட்டி நழுவி வெளியே விழுந்தது. திரிந்த பாலின் கட்டி போல, ஆனால் பச்சை சாயல். அதற்குப் பின்னால் மெல்லிய பச்சைத் தண்ணீர். அதன் நாற்றம்தான் மினேவால் தாங்க முடியாதது. அழுகல் நாற்றம் என்றால் அவளுக்குப் பழக்கம், குஷிரோவில் பிறந்தவள். இது இனிப்பாக இருந்தது. பழுத்த திராட்சையைத் துணியில் கட்டி மறந்துபோனது போல. அழுகல் இனிக்கக் கூடாது என்று அவளுக்குள் ஏதோ அலறியது.

அன்று இரவுச் சாப்பாட்டில் தெய்ஜி சூப்பில் சோயாப் பாலைத் திரித்துச் செய்த தோஃபு போட்டிருந்தான். மினே கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். மிதந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்க்கவே முடியவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் தோஃபு கிடையாது.

பத்து நாளில் இரண்டாவது மாடு. அடுத்த வாரம் மூன்றாவது. அதே பச்சை, அதே இனிப்பு நாற்றம். மூன்றாவது மாட்டுக்குக் காய்ச்சல் ஏறி, மடியின் தோல் நீலமாகி, தொட்டால் பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. நான்காம் நாள் அந்தப் பாகம் உரிந்து தொங்க ஆரம்பித்தது. வண்டி வந்து மாட்டை ஏற்றிப் போயிற்று. வண்டிக்காரன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இது என்னங்க, உயிரோட இருக்கும்போதே செத்து ரெண்டு வாரம் ஆன மாதிரி இருக்கு" என்றான். மூன்று மாடுகளுக்கும் பால் வற்றவைத்தது மினேவின் கைதான்.

இதில் ஒரு சங்கதி அவளை அரித்தது. டிசம்பர் முதல் வாரத்தில் அவள் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை. அவள் ஒரு வாரம் குஷிரோவில் இருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு மாடுகளுக்குத் தெய்ஜி மருந்து ஏற்றினான். அந்தக் கையால். அந்த இரண்டும் பிப்ரவரியில் கன்று போட்டன. மடி பஞ்சு போல, சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக, ஒரு குறையும் இல்லை.

"என் மாடுங்க ரெண்டும் ஜம்முனு இருக்கு" என்றான் தெய்ஜி, காலைச் சாப்பாட்டில். "உன் செவ்வாய்க்கிழமை மாடுங்கதான்..."

"துடைச்சீங்களா அன்னைக்கு?"

"ஒரு துடை துடைச்சேன்."

"எதால?"

தெய்ஜி சாப்பாட்டில் கவனமாக இருந்தான்.

"எதாலன்னு கேட்டேன்."

"கழுத்துல துண்டு இருந்துச்சு."

மினே சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அந்தத் துண்டுலதானே மூக்கைச் சிந்துவீங்க."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகலையே! இங்க பாரு மினே, நான் குத்தம் சொல்லலை. சில பேர் கை ராசி அப்படி. ரொம்பத் தேய்ச்சுத் தேய்ச்சு நீயே ஏதோ பண்ணிடறே போல. அடுத்த வாரத்துலேருந்து நான் பாத்துக்கறேன்."

இருபத்தாறு வருடத்தில் அவளிடமிருந்து யாரும் அந்த வேலையைக் கேட்டதில்லை. கேட்டவன் மூக்குத் துண்டுக்காரன். அவன் சொன்னது பொய் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. கரினைக் காட்டலாமா? வண்டியில் போனதைக் காட்டலாமா? தொழுவத்தின் கோடியில் இன்னொன்று நின்றது. சுமிரே. ஜனவரி நடுவில் அவள் கையால் பால் வற்றவைத்த மாடு, மார்ச் நடுவில் கன்று. மருந்து ஏற்றிய மாடு, கறக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக இரண்டு பின்னங்கால்களிலும் சிவப்புப் பட்டை கட்டி, வைக்கோலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மினே தினமும் நான்கு முறை போய் அதன் மடியை முகர்ந்து பார்த்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் வந்து மறுபடியும் கையைக் கழுவினாள். தோல் வெடித்துவிட்டது. தன் கையையே பிடிக்காமல் போவது எப்படி இருக்கும் என்று அந்த மாதம்தான் தெரிந்ததாக அவளே சொல்லியிருக்கிறாள். படுக்கையில் கைகளைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு தூங்கினாளாம்.

கால்நடை டாக்டர் தொகாஷி பரிசோதனை முடிவோடு பிப்ரவரி கடைசியில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும்.

"மூணு மாட்டுலயும் ஒரே கிருமி, மினேக்கா. தண்ணியில வாழுற ஜந்து."

"தண்ணியிலயா?"

"ஈரம் இருந்தாப் போதும் அதுக்கு. குழாய், தொட்டி, தேய்க்கற ஸ்பாஞ்சு. நாம ஏத்துற மருந்து இருக்கே, அதுக்கு அது சாகவே சாகாது. மத்த ஜந்துவெல்லாம் செத்து இடம் காலியா இருக்கும். இது உள்ள போயி ரெண்டு மாசம் சொகுசா குடித்தனம் பண்ணும்."

"நான் காம்பைத் தண்ணியில கழுவுறதே இல்லை டாக்டர். ஸ்பிரிட்டு மட்டும்தான். காய்ஞ்ச துணி. ஒரு மாட்டுக்கு ஒரு துணி. வேணும்னா இவரைக் கேளுங்க."

"அவளைப் பத்தி அந்த விஷயத்துல குத்தமே சொல்ல முடியாது" என்றான் தெய்ஜி. அந்த விஷயத்துல என்பதை அவன் அழுத்தியது மினேவுக்குக் கேட்டது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "வாயால சொல்ல வேண்டாம். நாளைக்குச் செவ்வாய்தானே? ஒரு மாட்டுக்குச் செய்யுங்க. நான் சும்மா நிக்கிறேன். எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே."

மறுநாள் வெளியே மைனஸ் இருபது. பால் அறையில் தெய்ஜி கையைக் கட்டிக்கொண்டு நின்றான், வேடிக்கை பார்க்க வந்தவன் போல. மினே சுவரில் தொங்கிய ஹோஸை எடுத்து, பாய்லரிலிருந்து வரும் சுடுதண்ணீரை எஃகு வாளியில் பிடித்தாள். அந்த வாளியைக் கண்ணாடிக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். தினமும் உள்ளும் புறமும் தேய்ப்பாள். நான்கு மருந்துக் குழல்களை அதில் போட்டாள். கையுறை. பஞ்சு. தூரத்துக் காம்பு. பஞ்சு. பக்கத்துக் காம்பு. டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். மினே வாளியில் கைவிட்டு முதல் குழலை எடுத்தாள்.

"நில்லுங்க."

"என்ன?"

"அதை என்கிட்ட குடுங்க."

டாக்டர் குழலை வாங்கினார். தன் துண்டால் வெளிப்புறத்தைத் துடைத்தார். மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திருகிக் கழற்றி, மூடியைத் தன் கையுறையின் மேல் கவிழ்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

மூன்று பேரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள்.

"மூடி தண்ணி புகாத மூடி இல்லை" என்றார் டாக்டர். "இளகட்டும்னு போடறீங்க. வாளி சூடு ஆறும்போது மூடி தண்ணியை உள்ள இழுத்துக்கும். அந்த நுனியைத்தான் நீங்க காம்புக்குள்ள விடறீங்க."

"வாளி சுத்தமா இருக்கு!" மினேவின் குரல் உயர்ந்தது. "நீங்களே நக்கிப் பாருங்க. தண்ணி பாய்லர் தண்ணி."

"பாய்லர் எத்தனை டிகிரி?"

தெய்ஜி விட்டத்தைப் பார்த்தான்.

"என்னங்க. எத்தனை டிகிரி?"

"மண்ணெண்ணெய் விலை ஏறிக்கிட்டே இருக்குல்ல... இலையுதிர் காலத்துல கொஞ்சம் குறைச்சு வச்சேன். மத்தவங்க முந்தின வருஷமே குறைச்சுட்டாங்க."

"எத்தனைக்கு?"

"நாப்பதோ என்னவோ."

"ஜந்துக்கு வெந்நீர்க் குளியல்" என்றார் டாக்டர். சிரிக்கவில்லை. ஹோஸை எடுத்துத் தரையில் நீட்டி, பையிலிருந்து கத்தியை எடுத்து, ஒரு முழம் நீளத்துக்கு நடுவே கீறிப் பிளந்தார்.

வெளியே அந்த ஹோஸ் பளிச்சென்று நீலமாக இருக்கும். மினே வாரா வாரம் சோப்புப் போட்டுத் துடைப்பாள். உள்ளே பச்சையும் கறுப்புமாகச் சளி. நாட்பட்ட இருமல்காரன் தொண்டையைப் பிளந்து வைத்தது போல. அது தடிமனாக, அடுக்கடுக்காக, லேசாக அசைந்தது. கீறிய இடத்தில் ஒரு துண்டு தொய்ந்து விரிந்து, தன் கனத்தால் மெதுவாகத் தரையில் இறங்கியது. பிறகு நாற்றம் எழுந்தது. இனிப்பாக. பழுத்த திராட்சை.

தெய்ஜி, சாணிக் கையால் சோறு தின்னும் தெய்ஜி, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஓங்கரிப்பது கேட்டது.

மினே ஓடவில்லை. குனிந்தாள். கையுறை விரலால் அந்தச் சளியைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். சந்தேகமே இல்லை. கரினின் மடி. வண்டியில் போன மாட்டின் மடி. அது அவள் வீட்டுச் சுவரில், அவள் தினமும் துடைத்த பொருளின் வயிற்றுக்குள் வளர்ந்திருக்கிறது. அவள் தன் கையாலேயே அதைச் சூடாக்கி, இளக்கி, பதமாக, மாட்டுக்கு வலிக்காமல் உள்ளே விட்டிருக்கிறாள்.

"அவரு செஞ்ச ரெண்டு மாடு..." என்றாள்.

"வாளி வச்சாரா?"

வாசலில் தெய்ஜி வந்து நின்றிருந்தான், கண்ணில் நீரோடு. "வாளியெல்லாம் யாரு வப்பா. இளக்காம அப்படியே குத்தினேன். ஒண்ணு உதைச்சுச்சு" என்று முழங்காலைக் காட்டினான்.

"அந்த உதைதான் உங்க மாட்டைக் காப்பாத்திருக்கு" என்றார் டாக்டர். "ஆனா அந்தத் துண்டு வேண்டாம். தயவுசெஞ்சு."

சுமிரேயை அன்றே பார்த்தார்கள். வற்றிய மாட்டின் காம்பைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். டாக்டர் விரலால் மட்டும் ஒவ்வொரு பாகத்தையும் தடவினார். மூன்று தளர்ந்திருந்தன. முன்பக்க இடது பாகம் கொதித்தது. திறந்தே ஆக வேண்டும் என்றார். திறந்ததும் வந்தது அதேதான்.

மருந்து அதைக் கொல்லாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பாகத்தைத் தினம் ஐந்து ஆறு முறை கடைசிச் சொட்டு வரை கையால் பிழிந்து வெளியேற்றுவது. சீழ் தேங்காமல் இருந்தால் காய்ச்சல் ஏறாது. பாகம் போனாலும் மாடு பிழைக்கும், வயிற்றுக் கன்று பிழைக்கும்.

"நான் பண்றேன்" என்றான் தெய்ஜி.

"போங்க அந்தப் பக்கம்" என்றாள் மினே.

பதினேழு நாள் பிழிந்தாள். பச்சைத் தண்ணீர், பிறகு கட்டி, பிறகு நூல் நூலாக இரத்தம் கலந்த சளி, பிறகு கஞ்சி. மூடியுள்ள டப்பாவில் கிருமிநாசினியை ஊற்றி அதற்குள் பிழிந்தாள். ஒரு சொட்டு வைக்கோலில் விழுந்தாலும் வைக்கோலோடு அள்ளி எரித்தாள். ஒவ்வொரு முறையும் முடித்துவிட்டுத் தொழுவத்தின் பின்னால் போய் நின்று குமட்டலை அடக்கினாள். சில முறை அடக்க முடியவில்லை. பழகிவிடும் என்று தெய்ஜி சொன்னான். பழகவில்லை. பதினேழாம் நாளும் முதல் நாள் போலவேதான் இருந்தது. மூக்கில் அந்த இனிப்பு ஏறி உட்கார்ந்துகொண்டு, சோப்பிலும் சோற்றிலும் தலையணையிலும் வீசியது.

சுமிரே மார்ச் பதினான்காம் தேதி ஒரு கிடேரிக் கன்று போட்டது. மூன்று காம்பில் சீம்பால். நான்காவது சுருங்கி, பால் வராத குருட்டுக் காம்பாகிவிட்டது. மூன்று காம்பு மாடு வைத்துக்கொள்ள லாயக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெய்ஜி பாய்லரை எண்பதுக்கு ஏற்றினான். புது ஹோஸ் மாட்டினான். மருந்துக் குழல் பெட்டியை வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தான். தேவைக்கு நாலை எடுத்துக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனால் களிம்பு இளகியே இருக்கும், ஒரு சொட்டு ஈரம் படாது. செவ்வாய்க்கிழமை வேலையைப் பற்றி அவன் பேசவில்லை. வேலை அவளிடமே இருந்தது.

கன்று பிறந்த அன்று டாக்டர் கிளம்பும்போது வண்டிக் கதவில் கைவைத்து நின்றார்.

"மினேக்கா, ஒண்ணு கேக்கணும். பால் அறைச் சுவத்துல ஒரு படம் இருக்கே. வாளி, குழல், அஞ்சு நிமிஷம்னு எழுதி. அது யாரு வரைஞ்சது?"

"நான்தான். ஆறு வருஷம் முன்னாடி, பெண்கள் குழுவுக்கு."

"இசாவா வீட்டுலயும் அதே படம் இருக்கு."

ஆறு வருடம் முன்பு குளிர்கால வகுப்பில் அவள் முன்னால் நின்று செய்து காட்டினாள். மாட்டுக்கு வலிக்காமல் களிம்பு ஏற்றுவது எப்படி. கைதட்டினார்கள். கண்ணும் மூக்கும் வைத்த ஒரு மாடு சிரிப்பது போலப் படம் வரைந்து, பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தாள். பத்துப் பேர் வாங்கிப் போனார்கள். முதலில் கை நீட்டியவள் இசாவா தொமொயோ.

மறுநாள் காலைக் கறவை முடிந்ததும் அங்கே போனாள். தொமொயோவுக்கு முப்பத்தாறு வயது. மினேவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தொழுவத்தில் தீவனம் தள்ளிக்கொண்டிருந்தாள். மினே சுற்றி வளைக்கவில்லை. சொட்டு, மூடி, ஹோஸ், எல்லாவற்றையும் சொன்னாள். தொமொயோ தீவனத் தள்ளியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பால் அறைக்குப் போனாள். மினே பின்னால் போனாள். அங்கே சுவரில் அந்தச் சிரிக்கும் மாடு. அதன் கீழே வாளி. வாளியில் நான்கு குழல்கள் மிதந்தன. அன்று செவ்வாய்க்கிழமை.

தொமொயோ வாளியை உதைத்தாள். தண்ணீர் மினேவின் பூட்ஸ் வரை வந்தது.

"போன வருஷம் நாலு மாடுக்கா. நாலு."

"தெரியும்."

"உங்களுக்கு என்ன தெரியும்? நாலு மாடு போனது தெரியும். எங்க மாமியார் சொன்னது தெரியுமா? இவ கைபட்டா மடி அழுகுதுன்னு. முள்ளங்கியைத் தவிட்டுல புதைச்சு தினம் கையால கிளறுவோமே, அந்த ஊறுகாய்த் தொட்டியை என் கையிலேருந்து பிடுங்கிட்டாங்க. தவிட்டுல கை வைக்காதே, கெட்டுப் போயிடும்னு. ஒரு வருஷமா சமையல்கட்டுல நான் முள்ளங்கி கூட எடுக்க முடியாது. என் புருஷன் சிரிக்கறான். என் பையன் கேக்கறான், அம்மா கையில பூச்சி இருக்கான்னு."

மினே படத்தைச் சுவரிலிருந்து பிய்த்தாள். பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. மடக்கினாள், மடங்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோ."

"என்கிட்ட எதுக்கு? எனக்கு என் கை சுத்தம்னு தெரியும். நீங்க சொன்ன மாதிரி தூரத்துக் காம்பு, பக்கத்துக் காம்புன்னு ஒண்ணு விடாமச் செஞ்சேன். என் கையையே நான் சந்தேகப்பட்டேன், உங்களைச் சந்தேகப்படலை." தொமொயோவின் முகம் சிவந்திருந்தது. "உள்ள இருக்காங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க. இந்தக் காதால நான் கேக்கணும்."

மாமியார் குனி சமையலறை மேசையில் உட்கார்ந்து காலைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது, இன்றும் டிராக்டர் ஓட்டுபவள். மினேவைக் கண்டதும், "அடடே, ஸ்பிரிட் அக்கா! உக்காரு, டீ போடறேன்" என்றாள்.

"டீ வேண்டாம். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்க நாலு மாடு போனது தொமொயோ கையால இல்லை. என்னால."

குனி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். மினே படத்தை மேசையில் வைத்து மறுபடி முழுவதும் சொன்னாள். ஹோஸைப் பிளந்தபோது உள்ளே இருந்தது எப்படி அசைந்தது என்பதையும் விடவில்லை. குனி கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள்.

"தின்னுட்டு இருக்கேன்ல."

"உங்க ஹோஸ்லயும் இருக்கும். பிளந்து பாருங்க."

"எனக்கு வேண்டாம்ப்பா." குனி மூக்கைச் சுளித்தாள். படத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல. "இந்த மாடு எதுக்குச் சிரிக்குது?"

மினே படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் குப்புற வைத்தாள்.

"சரி" என்றாள் குனி. கதவருகே நின்ற மருமகளைப் பார்க்காமல், தொட்டி இருந்த மூலையைத் தாடையால் காட்டினாள். "தொமொயோ. சாயங்காலம் அதை நீயே கிளறிடு. எனக்குத் தோள்பட்டை வலிக்குது."

"அந்த நாத்தம் பிடிச்ச தவிட்டை நான் ஏன் கிளறணும்?" என்றாள் தொமொயோ. "ஒரு வருஷம் உங்க கை, உங்க ஊறுகாய். நீங்களே கிளறுங்க அத்தை."

குனி மினே பக்கம் திரும்பி, "பாத்தியா? இப்பதான் நீ வந்து சொன்னே, அதுக்குள்ள இவளுக்கு வாய்" என்றாள். ஆனால் எழுந்து போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை விட்டுத் தானே கிளற ஆரம்பித்தாள். புளித்த தவிட்டு வாடை அறை முழுக்கப் பரவியது. மினே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் தொமொயோ பின்னாலேயே வந்தாள். "இன்னும் எத்தனை வீடு?"

"ஒன்பது."

"எல்லார்கிட்டயும் இதே மாதிரி சொல்லுவீங்களா? அந்த ஹோஸ் சமாச்சாரமும்?"

"அதுவும்."

"ஓனோதெரா வீட்டுக்குச் சாப்பாட்டு வேளையில போங்க" என்றாள் தொமொயோ. சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. "அவன்தான் போன மாசக் கூட்டத்துல என் கையை மோந்து பாத்தான்."

மினே வண்டியில் ஏறினாள். மணி ஒன்பதரை. ஓனோதெராவைக் கடைசியில் வைத்துக்கொள்ளாமல், பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொண்டாள்.